உள்ளூர் நேரம் எட்டு மணி

அவர் காப்பி குடிக்க மாட்டார். தேநீரும் குடிக்க மாட்டார். இரண்டையும் ஒரே குவளையில் ஊற்றிக் கலக்கித் தருவார்களே, 'சாம்' என்று, அதைத்தான் குடிப்பார். சூலியா தெரு மூலையில் இருக்கும் சாப்பாட்டுக் கடையில் காலை பத்து மணிக்கு அவருக்காக அது காத்திருக்கும். "கோப்பி எண்டால் தேத்தண்ணிக்காரனுக்குக் கோபம். தேத்தண்ணி எண்டால் கோப்பிக்காரனுக்குக் கோபம். எதுக்குப் பிள்ளை பொல்லாப்பு?" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று சிரித்துவைத்தேன். ஆறு மாதம் அவரிடம் வேலை பார்த்த பிறகுதான் மனுஷன் வேடிக்கையே பேசுவதில்லை என்று தெரிந்தது.

வடக்கே மலேசியாவும் தாய்லாந்தும் தொட்டுக்கொள்ளும் மலையில் இந்தப் பக்கம் ஒரு தேசியப் பூங்கா, அந்தப் பக்கம் ஒரு தேசியப் பூங்கா. நடுவில் வேலி கிடையாது. முழங்கால் உயரத்துக்குச் சில எல்லைக் கற்கள் நிற்கும், அவ்வளவுதான். காடு ஒன்று, யானைக் கூட்டம் ஒன்று, கண்ணி வைக்கிற திருடனும் ஒருவனே. ஆகவே இரண்டு நாடும் சேர்ந்து காட்டைப் பார்த்துக்கொள்வதென்று முடிவாகி, அதற்கு ஒரு செயலகம் திறந்தார்கள். காட்டுக்குப் பக்கத்திலா? அதெப்படி. ஜார்ஜ் டவுனில், நாட்டுப் பணம் மாற்றித் தருகிற ஒரு மணி சேஞ்சர் கடைக்கு மேல் மாடியில் திறந்தார்கள். அங்கிருந்து காட்டுக்குப் போக மூன்று மணி நேரம் ஆகும். அந்தச் செயலகத்துக்கு இவர்தான் இயக்குநர். நான் கூட்டக் குறிப்பு எடுத்துத் தட்டச்சு செய்கிற கிராணி. வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பித்தால்தான் எனக்குச் சோறு.

இவரைப் பற்றி எழுத எனக்கு என்ன அவசியம் என்று கேட்பீர்கள். என் அண்ணனின் வலது கால்தான் அவசியம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இயக்குநருடையது யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம். அப்பா வெள்ளைக்காரன் காலத்து ரயில்வேயில் தலைமைக் கிராணி என்று வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார். முழுக்கை வெள்ளைச் சட்டை, வியாழக்கிழமை மட்டும் பூப்போட்ட பாத்திக் சட்டை. அந்த பாத்திக் துணியிலும் எந்தக் கட்சியின் நிறமும் வந்துவிடாதபடி பார்த்து வாங்குவார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, வாடகைக் காருக்கு அவரே ஆள் அனுப்புவார். நல்ல மனுஷர்தான். எரிச்சலே அதில்தான். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

அவருக்கு ஒரே ஒரு வித்தை தெரியும். இரண்டு பேர் சண்டை போடுகிற இடத்தில், இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிற மாதிரி ஒரு சொல்லைக் கண்டுபிடிப்பார். பேச்சுவார்த்தை முட்டி நிற்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைத்து மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பி, "ஆருக்கும் நோகாத சொல் ஒண்டு போடுவம் பிள்ளை" என்பார். போடுவார். எல்லோரும் கை தட்டுவார்கள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

முதல் வருடம் யானைகளால் வந்தது சண்டை. "எங்கள் யானைகள் உங்கள் காட்டுக்கு வருகின்றன" என்று நம் ஆட்கள் எழுதினார்கள். "எங்கள் யானைகள்தான் உங்கள் காட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகின்றன" என்று தாய்லாந்துக்காரர்கள் அடித்து எழுதினார்கள். ஒன்றரை நாள் இழுத்தது. நான் போண்டாவும் காப்பியும் வாங்கிக் கொடுத்துக் களைத்துப் போனேன். கடைசியில் இவர் கண்ணாடியைத் துடைத்தார். "பகிரப்பட்ட யானைகள்" என்றார். மண்டபமே எழுந்து நின்றது. அன்றைக்கு அவருக்கு வந்த பேர் அதன் பிறகு இறங்கவே இல்லை. யானைகளுக்கு இந்த விஷயம் தெரியாது. அவை பாட்டுக்குக் கண்ணியில் மாட்டிக்கொண்டுதான் இருந்தன.

காட்டுக்குள் அவர் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. பூங்காவைப் பார்வையிடப் போன ஒரே தடவையும் வேனை விட்டு இறங்கவில்லை. மழை பெய்திருந்தது, அட்டை இருக்கும் என்றார். ஜன்னல் கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்கி, வெளியே நனைந்துகொண்டு நின்ற காவலர்களிடம் "எல்லாம் நல்லா நடக்குது எல்லோ?" என்று கேட்டார். அவர்கள் என்ன சொல்வார்கள், தலையாட்டினார்கள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அறிக்கையில் "களத்தில் உள்ளவர்களுடன் நேரடிக் கலந்துரையாடல்" என்று எழுதச் சொன்னார், நானும் எழுதினேன்.

வீட்டிலும் இதே கூத்துதான். மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வாக்கியப் பஞ்சாங்கப்படி ஒரு முகூர்த்தம் சொன்னார்கள். இவர் மனைவி வீட்டார் திருக்கணிதப்படி வேறொரு முகூர்த்தம் சொன்னார்கள். இரண்டுக்கும் முக்கால் மணி வித்தியாசம். இவர் என்ன செய்தார் தெரியுமா? அழைப்பிதழில் நேரமே போடவில்லை. "சுபமுகூர்த்தத்தில்" என்று மட்டும் அச்சடித்தார். சொந்தக்காரர்கள் அவரவர் இஷ்டத்துக்கு வந்தார்கள். நாதஸ்வரக்காரர் வந்து சேர்ந்தபோது தாலி கட்டி முடித்துச் சாப்பாட்டுப் பந்தி போய்க்கொண்டிருந்தது. கெட்டிமேளம் இல்லாமல் கல்யாணமான பெண் அழுதுகொண்டே சாப்பிட்டாள். இவர் வாசலில் நின்று, "ஆருக்கும் குறையில்லை எல்லோ?" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பந்தியில் உட்கார்ந்து நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

இனி அண்ணன்.

எங்கள் ஊர் தாசேக் கெலுகோர். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். அண்ணன் செல்வம் படிப்பு ஏறாமல், காடு பிடித்துப்போய், அந்த எல்லைப் பூங்காவில் காவலர் வேலைக்குச் சேர்ந்தான். நான் செயலகத்துக்கு வருவதற்கு எட்டு வருடம் முன்னாலிருந்தே அவன் அங்கே இருந்தான். மலை உச்சியில் அவன் காவல் குடில். எல்லைக்கு அந்தப் பக்கம் சரிவில் அரை மணி நடையில் தாய்லாந்துக் காவலர்களின் குடில். அதில் இருந்தவன் பேர் மாட். அந்தப் பக்கத்தில் மலாய் பேசுகிற முஸ்லிம்கள் அதிகம். அண்ணனைவிட மூத்தவன் என்பதால் 'பாங் மாட்' என்று கூப்பிடுவான் அண்ணன். பாங் என்றால் மலாயில் அண்ணன்.

இரண்டு பேரும் தினமும் காலையில் எல்லைக் கல்லில் சந்திப்பார்கள். கடிகாரம் எல்லாம் பார்ப்பதில்லை. கல்லின் மேல் வெயில் விழும்போது வந்துவிட வேண்டும், மழையென்றால் விசில். இவன் பிளாஸ்கில் காப்பி கொண்டுபோவான், அவன் இலையில் புளுட் என்கிற ஒட்டரிசிச் சோறு கட்டி வருவான். எந்த ஓடையில் புதுக் கண்ணி, எந்தத் தடத்தில் வேற்றாள் செருப்பு என்று பேசிக்கொள்வார்கள். பிறகு இரண்டு பேரும் எல்லையாவது ஒன்றாவது என்று சேர்ந்து போய்க் கண்ணிகளை அறுத்துப் போடுவார்கள். செல்வம் ஒருமுறை காய்ச்சலில் விழுந்தபோது பாங் மாட்தான் முதுகில் சுமந்து அந்தப் பக்கத்துச் சாலைக்கு இறக்கினான். ஆளைச் சுமந்துகொண்டு நம் பக்கம் இறங்கினால் ஒரு பகல் முழுக்க ஆகும், அந்தப் பக்கம் ஒரு மணி நேரம்தான். இரண்டு நாட்டு ஒத்துழைப்பு என்பது அதுதான். அதற்கு ஒரு செயலகமும் தேவைப்படவில்லை.

செயலகம் வந்து அதை ஒழுங்குபடுத்தியது.

தொடர்பு விதிமுறை என்ற ஒன்றைப் பேசி முடிக்கப் பத்து பிரிங்கி என்ற கடற்கரை ஊரின் ஹோட்டல் ஒன்றில் மூன்று நாள் கூடினார்கள். காவலர்கள் தனிப்பட்ட முறையில் அந்நிய நாட்டாரைச் சந்திக்கக் கூடாது, இனிமேல் எல்லாம் ரேடியோ வழியாகத்தான் என்று முதல் நாளே முடிவாயிற்று. சூரிய ஒளியில் ஓடுகிற பேட்டரி என்பதால் நாள் முழுக்கத் திறந்துவைக்க முடியாது. தினமும் காலை எட்டு மணியிலிருந்து எட்டே கால் வரைக்கும் இரண்டு குடிலும் ரேடியோவைத் திறந்து ஒன்றையொன்று கூப்பிட வேண்டும், மற்ற நேரத்தில் ஏதாவது என்றால் தலைநகரம் வழியாக. இதையும் ஒத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள்தான் வினை வந்தது. தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி பின்னால். இங்கே எட்டு என்றால் அங்கே ஏழு. மலேசிய நேரம் என்று எழுதலாமென்று நம் ஆட்கள் சொன்னார்கள். எங்கள் மண்ணில் உங்கள் கடிகாரம் ஓடுமா என்று அவர்கள் கேட்டார்கள். அப்படியானால் தாய்லாந்து நேரம் என்று எழுதலாமா என்றால் நம் ஆட்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானம்வரை இதே பேச்சு. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உள்ளூர் நேரம் எட்டு மணி எண்டு போடுவம்" என்றார்.

இரண்டு பக்கமும் ஒரு நொடி யோசித்தது. பிறகு கைதட்டல். சாப்பிடப் போகிற அவசரத்தில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் குறிப்பேட்டோடு அவர் பின்னால் போனேன்.

"சார், உள்ளூருன்னா யாரோட ஊரு சார்?"

"அது அவையவைக்கு விளங்கும் பிள்ளை."

"ரெண்டு பேரும் அவங்கவங்க ஊர் எட்டு மணின்னு நெனச்சுக்கிட்டா?"

"நினைச்சால் என்ன? ரெண்டு பேருக்கும் எட்டு மணிதானே. ஆருக்கும் நோகேல்லை எல்லோ?" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டார். வரிசையில் முன்னால் நின்றிருந்த தாய்லாந்து அதிகாரி அவருக்கு இடம் விட்டார். இவர் அவருக்கு இடம் விட்டார். நீங்க போங்க, நீங்க போங்க என்று இரண்டு பேரும் நின்றதில் மீன் கறி தீர்ந்துபோனது.

நான் குறிப்பேட்டை மூடினேன். அடுத்த மாதம் என் ஒப்பந்தம் முடிகிறது. உள்ளூர் நேரம் எட்டு மணி என்று இந்த விரல்களால்தான் தட்டினேன். அவரைத் திட்டும்போது இதையும் சொல்லிவிடுவது நல்லது.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் மாதா மாதம் இரண்டு பக்கத்திலிருந்தும் அறிக்கை வந்தது. நம் குடில் எழுதும்: "தினமும் எட்டு மணிக்கு அழைத்தோம். பதில் இல்லை. அசம்பாவிதம் இல்லை." அந்தக் குடில் எழுதும்: "தினமும் எட்டு மணிக்கு அழைத்தோம். பதில் இல்லை. அசம்பாவிதம் இல்லை." இவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து மகிழ்ந்துபோவார். "பாரும் பிள்ளை, ரெண்டும் ஒரே மாதிரி! இதுதான் ஒத்துழைப்பு." இரண்டையும் சேர்த்து, "தொடர்பு முயற்சிகள் இருதரப்பிலும் தவறாமல் நடைபெற்று வருகின்றன" என்று மேலிடத்துக்கு அனுப்புவார். பொய்யென்று சொல்ல முடியுமா? முடியாது. அதுதான் வித்தை.

தீபாவளிக்கு அண்ணன் ஊருக்கு வந்திருந்தான். முறுக்கைக் கடித்துக்கொண்டே, "அந்தப் பக்கத்து ஆளுங்க ரேடியோவைத் தொறக்கறதே இல்ல பாப்பா. பாங் மாட்டா இப்படின்னு இருக்கு" என்றான். அவன் முகத்தில் ரேடியோவைப் பற்றிய வருத்தம் இல்லை, சிநேகிதன் மாறிவிட்டான் என்ற வருத்தம்தான் இருந்தது.

"அண்ணே, நீ எந்த எட்டு மணிக்குக் கூப்பிடறே?"

"எந்த எட்டு மணின்னா? நம்ம எட்டு மணிதான். பேப்பர்ல அப்படித்தானே போட்டிருக்கு?"

"பேப்பர்ல யாரு மணின்னு போடல அண்ணே. அவங்க எட்டு மணிக்கு நமக்கு ஒம்போது."

சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். "அட பாவிகளா," என்றான் மெதுவாக. "அவனும் அங்க உட்கார்ந்து என்னையத்தான் திட்டிக்கிட்டு இருப்பான் லா."

லீவு முடிந்து போன மறுநாளே ஒன்பது மணிக்கு ரேடியோவைத் திறந்தான். முதல் அழைப்பிலேயே பாங் மாட் எடுத்தான். இரண்டு பேரும் கால் மணி நேரம் சிரித்தார்களாம். அதைப் பதிவேட்டில் எழுதியதுதான் அண்ணன் செய்த தப்பு. மேலதிகாரி பார்த்துவிட்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். குற்றம் என்ன? நிர்ணயித்த நேரத்துக்கு வெளியே அந்நிய நாட்டவருடன் பேசியது. ஒன்பது மணியும் எட்டு மணிதான் என்று செயலகம் எழுதிக் கொடுத்தால் கடிதத்தை வாபஸ் வாங்குவதாகச் சொன்னாராம்.

ஒரு வரி. ஒரே ஒரு வரிதான் தேவை. அதைத் தட்டியே எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். 'மலேசிய நேரம் ஒன்பது மணி, தாய்லாந்து நேரம் எட்டு மணி.' அவர் அதைப் படித்துவிட்டு, அட்டையைப் பார்த்த மாதிரி தள்ளி வைத்தார்.

"இது திருத்தம் பிள்ளை. திருத்தம் எண்டால் முதல் எழுதினது பிழை எண்டு ஆகும். பிழை எண்டால் ஆரோ விட்ட பிழை எண்டு ஆகும்."

"விட்டது நாமதானே சார்."

"அப்பிடிக் கதைக்கக் கூடாது."

"எங்க அண்ணன் அங்க இருக்கான் சார். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா கூப்பிட ஆள் இல்ல."

தள்ளி வைத்த காகிதத்தை மறுபடி கையில் எடுத்தார். மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றினார். "அடுத்த வருஷக் கூட்டத்தில் வைப்பம். இப்ப, 'நேரம் குறித்து இருதரப்பும் விழிப்புடன் இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது' எண்டு ஒரு சுற்றறிக்கை போடும். ஆருக்கும் நோகாது."

படியிறங்கிக் கீழே வந்து மணி சேஞ்சர் கடை வாசலில் நின்றேன். நாங்கள் நானா என்று கூப்பிடும் தமிழ் முஸ்லிம் பெரியவர் ஒருவரின் கடை அது. தாய்லாந்தின் ஹட்யாயிலிருந்து வருகிற வேன்கள் அந்தக் கடை வாசலில்தான் ஆளை இறக்கும். அதனால் நானா சுவரில் இரண்டு கடிகாரம் மாட்டியிருந்தார். ஒன்றின் கீழ் மலேசியா, இன்னொன்றின் கீழ் பேங்காக். எங்கள் இயக்குநர் மூன்று வருடமாக ஒரு நாளைக்கு நாலு தடவை அந்த இரண்டு கடிகாரத்துக்கும் கீழேதான் போய் வருகிறார். விஷயத்தைச் சொன்னதும் நானா தலையில் கைவைத்துக்கொண்டார். "சயாமுக்கு ஒரு மணி பின்னாலன்னு வேன் ஓட்டுறவனுக்குத் தெரியும், சாமான் தூக்குறவனுக்குத் தெரியும். மேல படிச்ச ஆளுங்கதானே இருக்கீங்க?" என்றார். கீழே மணி மாற்றுகிற கடை, மேலே மணியை மாற்றத் தெரியாத ஆபீஸ்.

அண்ணன் வாயை மூடிக்கொண்டான். இரண்டு பிள்ளைக்காரன், இன்னொரு கடிதம் வந்தால் வேலை போய்விடும். மறுபடியும் எட்டு மணிக்குத் திறந்து, யாருமில்லாத காட்டைக் கூப்பிட்டு, பதில் இல்லை என்று எழுத ஆரம்பித்தான். அந்தப் பக்கம் பாங் மாட்டுக்கும் விதிப்படி அவன் ஊர் எட்டு மணிதான்.

நாலு மாதம் கழித்து அது நடந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் அண்ணனும், இரண்டு வாரம் முன்பு மாற்றலாகி வந்திருந்த ஒரு காவலரும் ரோந்து போயிருக்கிறார்கள். எல்லைக் கல்லுக்குக் கொஞ்சம் கீழே, ஓடைச் சரிவில், புலிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் அண்ணன் கால் மாட்டியது. கணுக்காலுக்கு மேல் கம்பி எலும்புவரை இறுகி, அண்ணன் மயங்கிவிட்டான். அதை அறுக்கிற கத்தரி குடிலிலும் இல்லை. கூட வந்தவர் மேலே ஓடிப்போய்ச் சரியாக எட்டு மணிக்கு ரேடியோவைத் திறந்தார். எட்டே கால்வரை தொண்டை கிழியக் கூப்பிட்டார். புதிய ஆள், பாவம். அண்ணன் ஒன்பது மணி விஷயத்தை அவரிடம் சொல்லியிருக்கவில்லை, அந்தப் பக்கத்துக் குடிலுக்குத் தடமும் காட்டியிருக்கவில்லை. குடிலில் ஒட்டியிருந்த காகிதத்தில் இருந்தது மட்டும்தான் அவருக்குத் தெரியும். நாம் தட்டிய காகிதம். பதில் வராததால், கீழே நம் ஆபீஸுக்கு எட்டாத அந்த ரேடியோவை மூடிவிட்டு நம் பக்கத்து மலையில் இறங்கி ஓடினார்.

முக்கால் மணி நேரம் கழித்து, குடிலில் யாருமில்லாதபோது, அந்தப் பக்கத்திலிருந்து பாங் மாட் கூப்பிட்டான். பதில் இல்லை, அசம்பாவிதம் இல்லை என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தான். அவனிடம் கத்தரி இருந்தது. அரை மணி நடையில் என் அண்ணன் கிடந்தான்.

நம் ஆட்கள் ஏறி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பினாங்குக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வராமல் இருப்பாரா? பிஸ்கட் டின் ஒன்றும் ஆப்பிளும் கொண்டுவந்தார். கட்டிலின் தலைமாட்டிலும் நிற்காமல் கால்மாட்டிலும் நிற்காமல் நடுவில் நின்று, "தம்பி, ரெண்டு நாடும் உம்மை மறக்காது" என்றார்.

அண்ணன் மருந்து மயக்கத்திலும் நக்கல் குறையாதவன். "ரெண்டு நாடும் எட்டு மணிக்குக் கரெக்டா கூப்பிட்டுச்சு சார். எட்டே கால்லதான் என் கால் போச்சு" என்றான்.

அண்ணி முகத்தைச் சேலையில் புதைத்துக்கொண்டாள். இவர் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தார். மறுநாள் எனக்குச் சொல்லித் தட்டச் சொன்ன அறிக்கையில், "ஊழியர் உற்சாகமாக உள்ளார்" என்று ஒரு வரி இருந்தது. அதற்கு முந்தைய வரி: "ரோந்தின்போது ஓர் ஊழியருக்கு அசௌகரியம் ஏற்பட்டது." அதற்கு அடுத்த வரி: "பதிவேடுகளின்படி இருதரப்பும் தத்தம் கடமையை முழுமையாக நிறைவேற்றியுள்ளன."

தட்டுவதை நிறுத்தினேன். "அசௌகரியமா சார்?" என்றேன்.

"வேற என்ன போடலாம், நீரே சொல்லும்."

"கால் போச்சுன்னு போடுங்க."

"அது கனக்க நோகும் பிள்ளை," என்றார், உண்மையான வருத்தத்தோடு. அந்த வருத்தத்தைப் பார்த்ததும்தான் அந்த ஆளை என்னால் மன்னிக்கவே முடியாது என்று தெரிந்தது. எழுந்து வந்துவிட்டேன். அதை வேறு யாரோ தட்டினார்கள்.

பாங் மாட் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு அண்ணனைப் பார்க்க வந்தான். வேன் அவனை நானா கடை வாசலில் இறக்கியது. நான்தான் அழைத்துப்போகக் காத்திருந்தேன். கட்டையான ஆள். வெட்கமில்லாமல் அழுதான். மலாயில் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னான்: நான் கூப்பிட்டேன், தினமும் கூப்பிட்டேன். தாய்லாந்து பாத்தை மலேசிய வெள்ளியாக மாற்ற நானாவிடம் நீட்டியபோது சுவரைப் பார்த்தான். இரண்டு கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கை அப்படியே நின்றுவிட்டது. நானா எழுந்தார். முக்காலியைப் போட்டு ஏறி, மலேசியா என்று எழுதியிருந்த கடிகாரத்தைக் கழற்றி, நாளிதழில் சுற்றி அவன் கையில் கொடுத்தார். இப்போது எல்லைக்கு அந்தப் பக்கத்துக் குடிலில் அது மாட்டியிருக்கிறது. அதில் எட்டு மணி ஆகும்போது பாங் மாட் ரேடியோவைத் திறக்கிறான். விதிப்படி அது குற்றம். பதிவேட்டில் அவன் எழுதுவதில்லை.

செயலகம் விதியைத் திருத்தாமலும் இல்லை. அடுத்த கூட்டத்தில் 'உள்ளூர் நேரம்' என்பதை எடுத்துவிட்டு, 'இருதரப்புக்கும் வசதியான நேரம்' என்று போட்டார்கள். யார் சொல் என்று நான் சொல்லவேண்டியதில்லை. நல்ல கைதட்டல் என்று கேள்விப்பட்டேன். மறு வருடம் அவருக்கு டத்தோ பட்டம் கிடைத்தது.

அதற்கெல்லாம் முன்பே, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல், எனக்கு அவர் ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்பினார். "இவருடைய சேவை குறிப்பிடத்தக்கது" என்று எழுதியிருந்தார். நல்லதா கெட்டதா என்று கடவுளுக்கும் விளங்காது. கடைசி நாள், என் சாமான்களை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு இறங்கினேன். சாம் குடிக்கப் போகிறவராக அவரும் கூடவே இறங்கி வந்தார். நானா கடை முன்னால் நின்று சுவரை அண்ணாந்து பார்த்தார். பேங்காக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வெறும் ஆணி.

"இதில இன்னொரு மணிக்கூடு இருந்தது எல்லோ?"

"இருந்துச்சு சார்."

"ஒரு கடைக்கு எதுக்குப் பிள்ளை ரெண்டு மணிக்கூடு?" என்று கேட்டார். பொய்யில்லை, நிஜமாகவே கேட்டார். பிறகு அவரே யோசித்து, "ரெண்டுக்கும் பொதுவாய் ஒண்டு வைச்சால் காணும்" என்றார்.

"ஆமா சார். யாருக்கும் நோகாது" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஓம், அதுதான்," என்று என் தோளைத் தட்டினார். கடைசி நாளிலாவது தொழிலைக் கற்றுக்கொண்டாளே என்று நினைத்திருப்பார். அந்தத் திருப்தியோடு தெருவைத் தாண்டிப் போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணனுக்குச் செயற்கைக் கால் அளவெடுக்க நாள் கொடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை நாலு மணிக்குக் கூட்டிவாருங்கள் என்று நர்ஸ் சொன்னாள்.

"எந்த நாலு மணி?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணன், "எழுதி வாங்கிக்க பாப்பா" என்றான்.

எழுதி வாங்கிக்கொண்டேன்.